முத்துராஜவெல சதுப்பு நிலப் பக்கம் எங்களுக்கு உதவிய அண்ணாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து பிள்ளைகளோடு நீர்கொழும்புக் களப்புக்குப் போயிருந்தோம். கண்டல் மரங்களுக்குக் கிட்ட போட்டை நிறுத்தினோம். காற்று கூடியதும் நங்கூரம் இழுபட்டு, போட் வேர்ப்பக்கம் போகத் தொடங்கிவிட்டது. சின்னவள் அழுதே விட்டாள்.

அப்போதுதான் நீங்கள் வள்ளத்தில் வந்தீர்கள். "தம்பி, கீழே கடற்புல். இதில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது, புல்லும் பிடுங்குப்படும். இறால் குஞ்சு ஒதுங்குற இடம்" என்றீர்கள். வெறும் மணல் தரைக்குக் கூட்டிப்போய், ஆழத்தைப்போல் 5 மடங்கு கயிறு விட வைத்தீர்கள். அப்புறம் கயிற்றில் இரண்டு விரலை வைத்து, அதிர்வு இல்லை, நங்கூரம் இழுபடவில்லை என்று தெரிந்த பிறகே சிரித்தீர்கள்.

காசும் வாங்கவில்லை. பதற்றத்தில் பெயர் கேட்கவும் மறந்துவிட்டோம். மனமார்ந்த நன்றி அண்ணா. சின்னவள் இன்னும் உங்களைத்தான் கேட்கிறாள்.