கடைசியில் இரண்டு பக்கம் போதும்: கிரேக்கப் புராண நாவல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். கிரேக்கப் புராணங்களைப் புதிதாகச் சொல்கிறோம் என்று ஆங்கிலத்தில் நீங்கள் கொண்டுவரும் நாவல்களைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். பாதிக்கு மேல் பிடித்தே படித்தேன். அதனால் இதைப் பழம்பஞ்சாங்கத்தின் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். நாவல் முடிந்தபின் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கதையில் எது பழைய நூலில் உள்ளது, எந்த நூலில், எது ஆசிரியரின் கற்பனை என்று அங்கே எழுதிவிடுங்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் பேச வேண்டும். அன்று பேசியது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவைப் பற்றி நன்றாகவே பேசினாள். பெண் தெய்வம் அதீனாவின் கோயிலிலேயே கடல் தெய்வம் பொசைடன் மெடூசாவைக் கெடுத்தான், அதீனாவின் தண்டனை மட்டும் அவளுக்கு வந்தது, கூந்தல் பாம்பானது. "கெட்டவனை விட்டுவிட்டுக் கெடுக்கப்பட்டவளை அரக்கியாக்கியவர்கள் கிரேக்கர்கள்" என்று முடித்தபோது கைதட்டல்கூட வந்தது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், "இது எந்த கிரேக்க நூல்லம்மா வருது?" என்று கேட்டார். அவர் மட்டம் தட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் கையிலிருந்த நாவலைப் பின்னாலிருந்து புரட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. மூன்று பக்கம் நன்றியுரை, அதில் ஆசிரியரின் பூனைக்கும் ஒரு வரி. வாசகர் வட்டங்கள் விவாதிக்க 12 கேள்விகள். அப்புறம், அடுத்து வரப்போகும் நாவலின் முதல் அத்தியாயம். மூலநூல் என்ற பேச்சே இல்லை. முன்னும் பின்னும் இரண்டு முறை புரட்டிவிட்டு, "மித்தாலஜில இருக்கு சார்" என்று மெல்லச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். இந்த மாதக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை.

பதில் உங்களுக்குத் தெரியும். அந்தக் கோயில் காட்சி ஓவிட் என்ற ரோமக் கவிஞர் கி.பி. 8 வாக்கில் லத்தீனில் எழுதியது. கி.மு. 700 வாக்கில் கிரேக்கத்தில் எழுதிய ஹெசியடிடம் கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. வசந்தகாலப் பூக்கள் விரிந்த மென்மையான புல்வெளியில் பொசைடன் அவளோடு படுத்தான் என்று ஒரே வாக்கியத்தில் போய்விடுகிறார். இரண்டுக்கும் நடுவே சுமார் 700 வருடம். அந்தப் பெண்ணுக்கு அதீனாமேல் வந்த கோபம் நியாயப்படி அதீனாவின் ரோம வடிவமான மினர்வாமேல் வந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஓவிட்டிடம் இந்தக் கதையைச் சொல்வதே மெடூசாவின் தலையை வெட்டிய பெர்சியஸ்தான், அதுவும் தன் கல்யாண விருந்தில் உட்கார்ந்துகொண்டு! இதை நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் பேச்சு இன்னும் கூர்மையாகியிருக்கும்.

மாற்றி எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கிரேக்கர்களே மாற்றியவர்கள்தான். டிராய்ப் போருக்கே காரணம் என்று சொல்லப்படும் ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, போனது அவளைப் போன்ற ஒரு மாயவுரு, நிஜமானவள் எகிப்தில் இருந்தாள் என்று கி.மு. 412-இல் யூரிப்பிடிஸ் ஒரு நாடகமே போட்டார். கணவனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொன்றாள் என்று சொல்லப்படும் மெடியாவின் குழந்தைகளைக் கொன்றது அவளல்ல, கொரிந்து நகரத்தார் என்றும் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஜெர்மன் எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃப் 1996-இல் அந்த இழையைப் பிடித்துத்தான் தன் நாவலை எழுதினார். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தின் 19-ஆம் காண்டத்தில், கொல்லப்பட்ட வீரன் பெட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து, போரில் சிறைப்பட்ட பெண் பிரைசிஸ் அழுவது 14 வரி. அவள் வாய்திறந்து பேசுவது அந்தக் காவியத்திலேயே அவ்வளவுதான். அதை வைத்து 300 பக்கம் எழுத முடிகிறதென்றால் அது பெரிய கைத்திறன். அந்தத் திறனை ஏன் ஒளிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் புதுமைப்பித்தன் அகலிகை கதையை 'சாபவிமோசனம்' என்று திருப்பி எழுதியபோது, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப்பற்றித் தனக்குக் கவலையில்லை என்று கதைக்கு மேலேயே ஒரு குறிப்புப் போட்டார். அதைப் படித்தவர்களுக்கு மூலக்கதை பாட்டி சொல்லியே தெரியும், எங்கே திருப்பினார் என்பதும் தெரியும். அவருக்கே குறிப்பு தேவைப்பட்டது. உங்கள் வாசகர்களில் பலர் ஹெசியடைக் கண்ணால் பார்த்தது கிடையாது. அவர்களுக்கு நீங்கள் போடுவதுதான் மூலம்.

அட்டையில் மட்டும் கூச்சமே இல்லை. 'இதுவரை யாரும் சொல்லாத கதை' என்று தங்க எழுத்து. கி.மு. 431-இல் ஏதென்ஸில் ஊரே கூடி நாடகமாகப் பார்த்த மெடியாவா யாரும் சொல்லாத கதை? அட்டைப்படமும் ஒரே அச்சு: கறுப்பு, ஆரஞ்சு, இரண்டு ஆலிவ் இலை, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பெண். வீட்டு அலமாரியில் எதைப் படித்தேன், எதைப் படிக்கவில்லை என்று எனக்கே குழம்புகிறது. 599 ரூபாய் வாங்கிக்கொண்டு வாசகரை இருட்டில் நிறுத்தி வைப்பதுதான் மறுபுனைவு என்றால்... சரி, கோபம் தடம் மாறுகிறது. மன்னியுங்கள்.

உங்களில் சிலர் ஆசிரியர் குறிப்பு சேர்க்கிறீர்கள், அதற்கு நன்றி. மற்றவர்களைத்தான் பணிவாகக் கேட்கிறேன். தாள் செலவு என்பீர்களானால் அந்த 12 கேள்விகளை எடுத்துவிடுங்கள், எங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். கதையின் மயக்கம் கலைந்துவிடும் என்பீர்களானால், நான் கேட்பது முதல் பக்கத்தை அல்ல, கடைசி இரண்டு பக்கத்தை.

அன்று அவள் புரட்டிய நாவல் எங்கள் வட்டத்துக்குச் சொந்தம். இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு வெற்றுத்தாள் இருந்தது. ஹெசியட், ஓவிட், நாவலாசிரியரின் சொந்தச் சரக்கு என்று பிரித்துப் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். எட்டு வரிக்குமேல் போகவில்லை. அடுத்த வாரம் அவளிடம் கொடுக்கப் போகிறேன். மற்ற பிரதிகளுக்கு நீங்கள் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாவல்களைத் தொடர்ந்து வாங்கும் வாசகி ஒருத்தி