பணிக்கர் சாருக்கு ஒரு டிராயிங் மாஸ்டர் எழுதுவது

அன்புள்ள கே.சி.எஸ். பணிக்கர் சார்,

வணக்கம். உங்களிடம் படித்தவர்களிடம் படித்தவன் நான். அந்த உரிமையில்தான் 'சார்' என்கிறேன். 1977 ஜனவரியில் நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் உங்களைப் பற்றி யார் எழுதினாலும் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியர் கிராமமான 'சோழமண்டலத்தை நிறுவியவர்' என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிதாகப் படுகிறது.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தீர்கள். குடும்பச் சுமைக்காகத் தந்தி இலாகாவில் வேலை, அப்புறம் இன்சூரன்ஸ். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. சுற்றிலும் சின்னப் பையன்கள். நீங்களோ மாசக் கடைசி எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர். பின்னால் நீங்கள் செய்த பலவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

படிப்பு முடித்து அங்கேயே ஆசிரியர் ஆனீர்கள். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம். 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வர் நாற்காலி. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த மனிதர் உட்கார்ந்த நாற்காலி அது, லேசானதில்லை.

முதல்வராக இருந்த நீங்கள் உங்கள் மாணவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி, 'சரி, படித்து முடித்து எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள்?' என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலச் சென்னையில் படம் வாங்க ஆள் ஏது? விளம்பரக் கம்பெனிக்கோ, எங்காவது பள்ளிக்கூடத்துக்கோ போனால், தூரிகையைத் தொட நேரம் இருக்காது. (பள்ளிக்கூடத்துக்குப் போனவன் சொல்கிறேன்.) நீங்கள் கைத்தொழிலைக் காட்டினீர்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கி எடுத்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்தில் மட்டும் நரம்பு மாதிரி கோடு ஓடும். அந்தப் பாத்திக் துணிகள் விற்றன. அதில் சேர்ந்த பணத்தில்தான் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் கிராமம் எழுந்தது. அரசாங்கமோ பணக்காரரோ தூக்கிக் கொடுத்த இடமல்ல. 'ஓவியன் துணிக்குச் சாயம் போடுவதா?' என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. பிழைப்புக்குத் துணி, மனசுக்கு கேன்வாஸ் என்று கணக்கைப் பிரித்துக் கொடுத்ததால்தான், விற்குமா விற்காதா என்று பயப்படாமல் அவர்களால் படம் போட முடிந்தது. நான் பார்த்தவரை இதைவிட நேர்மையான கலைக் கல்வி கிடையாது.

இன்னொரு விஷயம். ஊரெல்லாம் மதிக்கிற பேராசிரியர், கைவந்த பாணியைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். நீங்களோ ஐம்பது தாண்டிய பிறகு, 1963-இல், 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைத் தொடங்கினீர்கள். மலையாள எழுத்துபோலத் தெரியும். கிட்டப் போய் வாசிக்கப் பார்த்தால் ஒரு வார்த்தையும் தேறாது. ஜாதகக் கட்டங்கள், கணக்கு நோட்டிலிருந்து எழுந்து வந்தது போன்ற எண்கள், நடுவே ஒரு பறவையோ மீனோ. முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாசிக்க முடியாததை எதற்கு எழுத வேண்டும்? அப்புறம் பிடிபட்டது: ஓலைச்சுவடியின் பக்கத்தை நாம் படிப்பதற்கு முன்னால் பார்க்கத்தானே செய்கிறோம். அந்தப் பார்வையோடு எங்களை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் 'தோட்டம்' வரிசை இதைவிட அழகு என்று சொல்கிற நண்பர்களோடு இன்னும் சண்டை போடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் உங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. அந்தப் பக்கம் போகிற மாணவர்களிடம் இரண்டையும் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். எல்லாரும் புலியைப் பார்த்துவிடுகிறார்கள். உங்களைப் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். ஆனால் திரும்பி வந்ததும் என்னிடம் கேள்வி கேட்டுப் பிடுங்கி எடுப்பவர்கள் அவர்கள்தான் சார்.

அன்புடன்,
ஒரு டிராயிங் மாஸ்டர்