கணினி பார்த்த கண்ணுக்குக் காசு இல்லையாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் உவர்மலையில் வசிக்கும் ஓய்வூதியர். சீனி வருத்தம் பதினைந்து வருடமாக உண்டு. போன மாதம் ஒரு தனியார் நிலையத்தில் என் விழித்திரையைப் படம் பிடித்தார்கள். கண்ணுக்குத் துளி மருந்துகூட விடவில்லை. நாடியைத் தாங்கியில் வைத்து ஒரு பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். சில நிமிடங்களில் கணினியே 'கண் நிபுணரைக் காணவும்' என்று சொல்லிவிட்டது. சரி, நல்லதுதான். பற்றுச்சீட்டைக் காப்புறுதிக்கு அனுப்பினால், பட்டியலில் இல்லாத சேவை என்று திரும்பி வந்தது. டொக்டர் பார்த்திருந்தால் காசு கிடைத்திருக்குமாம்!

அமெரிக்காவில் இத்தகைய கருவிக்கு 2018இல் அனுமதி கிடைத்தது. அங்குள்ள அரச காப்புறுதியான மெடிகேயர் 2022இல் அதற்கு நாடளாவிய கட்டணம் வைத்தது. பக்கவாதத்தை ஸ்கானில் கண்டு சொல்லும் மென்பொருளுக்கோ 2020இலேயே, நோயாளி ஒருவருக்கு 1,040 டொலர் வரை ஆஸ்பத்திரிகளுக்கு மேலதிகமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அதை நாம் அப்படியே பார்த்து எழுதத் தேவையில்லை. தடவைக்குத் தடவை காசு என்றால், தேவையோ இல்லையோ பொத்தானை அமத்திக்கொண்டே இருப்பார்கள். வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர் நிபுணரிடம் போய்ச் சேர்ந்த பிறகு, படம் பிடித்த நிலையத்துக்குக் காப்புறுதி காசு கொடுக்கட்டும். கமராவை அரசே வாங்கி ஊர் கிளினிக்குகளில் வைத்தால் இன்னும் நல்லது.

எனக்கு நிபுணரிடம் திகதி கிடைத்திருப்பது இரண்டு மாதம் கழித்து. பற்றுச்சீட்டு மேசை லாச்சியில் கிடக்கிறது.

ஓய்வூதியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.