கியர்பாக்ஸை எறக்குறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய கார் பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா கியர் விழலன்னா கியர்பாக்ஸை எறக்கணும்னு போட்டிருந்தது மட்டும் மனசுக்கு ஒப்பல. நான் இங்கிலாந்துல இருக்கேன், என்கிட்ட இருக்குறது லோட்டஸ் செவன்ங்குற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒரு கிட் கார், பாகமா வாங்கி வீட்லயே பூட்டுனது (செவன் 1957ல வந்தப்போ அப்படி கிட்டா வாங்குனா பர்ச்சேஸ் டாக்ஸ் கெடையாது, அதனாலயே நெறைய பேர் வாங்குனாங்க). கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டோடது.

இஞ்சின் ஆஃப்ல இருந்தா எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழும், ஸ்டார்ட் பண்ணிட்டு ரிவர்ஸ் போட்டா கரகரன்னு பல்லு கடிக்கும். அப்பவே தெரிஞ்சுக்கலாம், கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸ்ல இல்ல, பெடலை மிதிச்சாலும் கிளட்ச் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் முழுசா பிரிக்கல. ஒரு ஒர்க்‌ஷாப்ல இது புரியாம பெரிய செலவு சொல்லிட்டாங்க, மனசே ஒடஞ்சு போச்சு. அப்புறம் என் வீட்டம்மாவ கிளட்ச் பெடலை மிதிக்கச் சொல்லி பானட்டைத் தெறந்து பாத்தேன், பெடல்ல இருந்து கிளட்ச்சுக்குப் போற கேபிள் உக்கார்ற அலுமினியத் தகடே வளையுது! மிதிக்கிறது தகடை வளைக்கவே போயிட்டா கிளட்ச்சை விடுவிக்கிற ஃபோர்க் எப்படி நகரும்? உள்பக்கமா ஒரு இரும்புப் பட்டை வச்சு போல்ட் போட்டேன், சத்தம் நின்னுருச்சு.

இன்னொண்ணு, கேபிள் அடிக்கடி இறுகுனா இஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவுல எர்த் ஸ்ட்ராப் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற தடிமனான ஒயர்) இருக்கான்னு பாருங்க, அது விட்டுப்போயிருந்தா ஸ்டார்ட்டர் கரன்ட் கிளட்ச் கேபிள் வழியா ஓடி உள்ள இருக்குற பிளாஸ்டிக்கை உருக்கிரும்.

இதையும் தயவுசெஞ்சு போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்