ஏஎம்4 போர்டில் வளைந்த பின்னாம்: வாரண்டி மறுப்பு குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி, இந்தியப் பிரிவு

பொருள்: பி550எம் மதர்போர்டுக்கு மூன்று வருட வாரண்டி இருந்தும் மறுத்தது

வணக்கம் ஐயா / அம்மா,

இதற்கு முன் நான் அனுப்பிய மெயில்களை யாராவது படித்தீர்களா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு புது டிக்கெட் எண் வருகிறது, இரண்டு நாளில் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று அதை மூடிவிடுகிறீர்கள். என்ன தீர்ந்தது, யாருக்குத் தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள், நானும் இத்தனை நாள் பொறுமையாகத்தான் இருந்தேன்.

சுமார் 60,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர், அதுதான் திட்டம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 550 வாட் பவர் சப்ளை. பணம் குறைவு என்பதால் ஒவ்வொரு பாகத்துக்கும் நாள் கணக்கில் யோசித்தேன். 5600எக்ஸ் வேண்டாம், சாதா 5600 போதும், கூடவே கூலரும் வருகிறது. கேபினெட்டில் கண்ணாடி, கலர் லைட் எதுவும் வேண்டாம். மிச்சம் பிடிக்காத ஒரே இடம் மதர்போர்டு. பி450 என்ற பழைய வகை போர்டை எடுத்திருந்தால் இரண்டாயிரம் மிஞ்சியிருக்கும். ஆனால் பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் என்னுடையது போன்ற 5000 வரிசை பிராசசர் பூட் ஆகாது. கிராபிக்ஸ் கார்டுக்கான வேகமான இணைப்பு, பிசிஐஇ 4.0, அதுவும் இருக்காது, ஆர்எக்ஸ் 6600 அந்த இணைப்பில் எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டும் பயன்படுத்தும் கார்டு என்பதால் 4.0 இருப்பது நல்லது. இதையெல்லாம் பார்த்துதான் 9,200 ரூபாய் கொடுத்து உங்கள் போர்டை வாங்கினேன். ரேம்கூட உங்கள் இணையதளத்தில் நீங்களே சோதித்துப் பார்த்ததாகப் போட்டிருக்கும் கியூவிஎல் பட்டியலில் இருந்து எடுத்ததுதான்.

பிரச்சினை இதுதான். பிராசசரில் இருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது ரேம் ஸ்லாட்டுகள் வேலை செய்யவில்லை. உங்கள் கையேட்டில் சொன்னபடி இரண்டிலும் நான்கிலும் ரேம் போட்டால் ரேமில் சிக்கல் என்று காட்டும் டிராம் லைட் எரிந்தபடியே நிற்கிறது, திரையில் ஒன்றும் வராது. இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் ஒரு ரேம் போட்டால் ஓடுகிறது. எந்த ரேமைப் போட்டாலும் ஓடுகிறது. ஆக ரேமில் கோளாறு இல்லை. நண்பனின் பி450 போர்டில் என் பிராசசரையும் இரண்டு ரேமையும் மாட்டிப் பார்த்தோம், இரண்டு ரேமும் சேர்ந்து இயங்கும் டூயல் சேனலில் 16 ஜிபியும் ஒழுங்காகத் தெரிந்தது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியது, ஒரு எரர் இல்லை. மிச்சம் இருப்பது உங்கள் போர்டுதானே? இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் ஹெல்ப்லைனில் எடுத்த பெண், பாவம் அவருக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறார், முதலில் விண்டோஸை ரீ-இன்ஸ்டால் செய்யச் சொன்னார். இரண்டு ரேமும் போட்டால் திரையே வராத கம்ப்யூட்டரில் விண்டோஸை எங்கே போடுவது? அடுத்தவர், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டிப் பார்க்கச் சொன்னார். ரைசன் 5 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது சார், போர்டு நல்லா இருந்தாலும் அந்த எச்டிஎம்ஐயில் ஒன்றும் வராது என்றேன். "நீங்க செஞ்சு பார்த்துட்டு கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். பயாஸ் அப்டேட் செய்தாயிற்று, போர்டின் செட்டிங்ஸை அழிக்கும் சிமாஸ் கிளியர் செய்தாயிற்று, அந்தப் பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் ஆயிற்று. வாங்கிய கடையில் கேட்டால் ஏழு நாள் தாண்டிவிட்டது, சர்வீஸ் சென்டருக்குப் போ என்கிறார்கள். ஏழு நாளும் உங்கள் ஹெல்ப்லைனில் பாட்டுக் கேட்டபடி காத்திருந்ததில்தான் போனது.

நான் இருப்பது திருச்சி. இங்கே உங்களுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது, சென்னைக்குத்தான் போக வேண்டும். லீவு போட்டுக்கொண்டு, காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்து, மடியில் போர்டை பாக்ஸோடு வைத்துக்கொண்டு எழும்பூரில் இறங்கி மதியம் போய் நின்றால், "சனிக்கிழமை டெலிவரி மட்டும்தான், இன்வர்டு கிடையாது" என்கிறார்கள், அதாவது ரிப்பேருக்குப் பொருளை வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். உங்கள் இணையதளத்தில் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை என்று போட்டிருக்கிறது. அதை மொபைலில் காட்டினேன். "அது பழசு" என்றார் கவுன்டரில் இருந்தவர். உங்கள் இணையதளம் பழசு என்று உங்கள் ஆளே சொல்கிறார். சரி, வந்தது வந்துவிட்டேன், வெளியூர், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை என்ட்ரி போடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார். அன்றைக்கு ரிச்சி தெருவில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அதே போர்டோடு திரும்பினேன்.

மறுபடி போய்க் கொடுத்தேன். அப்புறம் வந்ததுதான் இந்த ஜாப் ஷீட். "சாக்கெட் பின் வளைந்துள்ளது. வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம். வாரண்டி இல்லை."

ஐயா, இது ஏஎம்4 போர்டு. ஏஎம்4 சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில், பின்னே கிடையாது, வெறும் ஓட்டைகள்தான். 1331 பின்னும் இருப்பது பிராசசரின் அடியில். இன்டெல் போர்டு என்றாலோ புது ஏஎம்5 போர்டு என்றாலோ சாக்கெட்டில் பின் இருக்கும், வளையும், அதைச் சொல்லி மறுத்திருந்தால்கூட விவாதிக்க ஒரு விஷயம் இருந்திருக்கும். இல்லாத மாட்டுக்குக் கொம்பு உடைந்துவிட்டது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். இந்த போர்டைத் தயாரித்ததே நீங்கள். அதில் பின் இருக்கிறதா இல்லையா என்பது வாங்கிய எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியாதா?

இதை அந்தக் கவுன்டர் ஆளிடம் பொறுமையாகத்தான் கேட்டேன். எந்தப் பின், காட்டுங்கள் என்றேன். போர்டை வெளியே எடுக்கவே இல்லை. "டெக்னீசியன் பார்த்துட்டாரு, சிஸ்டத்துல ஏத்தியாச்சு, மாத்த முடியாது." டெக்னீசியனைக் கூப்பிடுங்கள் என்றேன், கஸ்டமரைப் பார்க்க மாட்டாராம். கடைசியாக அவர் சொன்னதுதான் இன்னமும் காதில் இருக்கிறது: "யூடியூப் பார்த்து அசெம்பிள் பண்ணா இப்படித்தான் ஆகும் தம்பி. இதுக்குத்தான் கடையில ரெடிமேடா வாங்கணும்." பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு 34 வயது, அவருக்கு நான் தம்பியும் இல்லை. தனியாக பாக்ஸில் போட்டு விற்கும் மதர்போர்டை வாங்குகிறவன் அசெம்பிள் செய்யாமல் சுவரில் மாட்டி வைப்பானா?

இதோடு நிற்கவில்லை, 3,500 ரூபாய் கட்டினால் சரி செய்து தருவார்களாம். எதைச் சரி செய்வார்கள், அந்த இல்லாத பின்னையா?

கோபத்தில் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் போர்டுகளைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன். மேலே இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். ஒரு வருடச் சேமிப்பு மேஜை மேல் பாகம் பாகமாகக் கிடக்கிறது. போர்டு உங்களிடம் இருக்கிறது, மற்றதெல்லாம் தூசி பிடிக்கிறது, அவற்றின் வாரண்டியும் ஒவ்வொரு நாளாகக் கரைகிறது. ரயில் செலவு, லீவு போட்டதில் போன சம்பளம், வீட்டில் கேட்ட பேச்சு, போன தூக்கம், இதற்கெல்லாம் ஒரு லட்சம் கேட்டாலும் குறைவுதான்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். புது போர்டு கொடுங்கள், ரிப்பேர் செய்த பழைய போர்டு வேண்டாம். இல்லாவிட்டால் பில்லில் உள்ள 9,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ஜாப் ஷீட்டில் எழுதியது தவறு என்று எழுத்தில் கொடுங்கள். போக்குவரத்துச் செலவு பற்றி உங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் பதிவு செய்வேன், அதோடு விடமாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அப்போது எழும்பூரில் பல்லவன் ஏறித் திருச்சிக்கு வர வேண்டியது உங்கள் ஆள்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவர் அந்தப் பின்னைக் காட்டட்டும்.

பில், ஜாப் ஷீட், போர்டைக் கொடுப்பதற்கு முன் நான் எடுத்த சாக்கெட் படங்கள், நண்பனின் போர்டில் ஓடிய மெம்டெஸ்ட் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். இன்னொன்று. போர்டை வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல என்று நேற்று உங்களிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. நான் எடுக்கவும் மாட்டேன், அந்த ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடவும் மாட்டேன். தயவுசெய்து அதை ஸ்கிராப்பில் போட்டுவிடாதீர்கள், வழக்கில் எனக்கு அதுதான் சாட்சி.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்