சைக்கிள் சுற்றிப் பதிந்த குரல்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், "அப்பா, வந்த புதிதில் உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?" என்று. "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. மெல்பேர்னில் தனி அறையில் இருந்துகொண்டு என் பிள்ளை கேட்ட கேள்விக்கு அது ஒரு பதிலா? அதுதான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

நான் டொரன்டோவில் வந்து இறங்கியது 1988 நவம்பரில். அப்பம்மாவின் தாலிக்கொடி அடைவுகடையில், யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் காணி ஈட்டில். அந்தக் காசில்தான் ஏஜென்சிக்காரன் என்னை ஏற்றிவிட்டான். விமான நிலையத்தில் அகதி என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். ஆறு வாரம் கழித்து, 1989 ஜனவரி 1இல், புதிய அகதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வந்த எங்களையெல்லாம் 'பேக்லொக்' என்று ஒரு நீண்ட வரிசையில் போட்டுவிட்டார்கள். இரவில் யாராவது கதவைத் தட்டினால் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். ஊரில் இருந்து கொண்டுவந்த பழக்கம் அது.

செயின்ட் ஜேம்ஸ் டவுனில், வெல்லெஸ்லி வீதிப் பக்கம், மாடிக் கட்டடம் ஒன்றில் ஒற்றை அறை வீடு. நாங்கள் ஏழு பேர். பகல் வேலைக்காரர் எழும்பிய மெத்தையில் இரவு வேலைக்காரர் படுப்பார்கள். சூடு ஆறியிருக்காது. எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை, மணிக்கு 4 டொலர் 75 சதம். அந்த நாளில் ஒன்டாரியோவில் அதைவிடக் குறைத்துக் கொடுக்க முடியாது.

பூட்ஸ் கதையை உனக்குச் சொல்லவே இல்லை. ஏழு பேருக்கும் மூன்று சோடிதான் இருந்தது. யார் எப்போது வேலைக்குப் போகிறார்களோ அவர்கள் போட்டுக்கொண்டு போவார்கள். முதல் பனி கொட்டிய இரவு நான் கொழும்பில் வாங்கிய சப்பாத்தோடு வெளிக்கிட்டேன். அண்ணன் ஒருவர் வாசலில் மறித்து, தான் போட்டிருந்ததைக் கழற்றித் தந்தார். எனக்குப் பெரிய அளவு. அவரே குந்தியிருந்து நுனியில் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்தார். "கால் விறைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், போடு" என்றார். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்ட 155 தமிழரில் அவரும் ஒருவர். அந்த ஊர் மீனவர்கள் கண்டு காப்பாற்றியிராவிட்டால் அவர் இல்லை. கடலைப் பற்றி அவர் எங்களோடு கதைத்தது அந்த ஒரு வசனம்தான். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். செத்தவீட்டுக்கு அம்மாவும் நானும் போனோமே, உனக்கு நினைவிருக்கும். அன்று ஏன் நான் அப்படி அழுதேன் என்று கேட்டாய்.

சரி, மற்றக் கதைக்கு வருகிறேன்.

1990இல் திரும்பவும் சண்டை தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பற்றரி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று எல்லாவற்றுக்கும் தடை. சனம் ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டது. 1992இல் எனக்கு ஒரு கசெட் வந்தது. யாரோ யாழ்ப்பாணத்தில் இருந்து கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து கொண்டுவந்து, கொழும்பில் தபாலில் போட்டிருந்தார்கள். அப்பம்மா பேசியிருந்தா. என் சின்ன மாமா சைக்கிளைச் சுற்ற, அதிலே ரெக்கோடர் ஓட, அதற்குள் பேசியிருந்தா.

நீ அதைக் கேட்க வேண்டும். பின்னாலே சில்லுச் சுற்றுகிற சத்தம் விடாமல் இரைந்துகொண்டே இருக்கும். மாமாவுக்குக் கை ஓய்ந்தால் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. இங்கே சரியான வேகத்தில் போட்டால் அந்த இடத்தில் மட்டும் அப்பம்மாவின் குரல் கீச்சென்று உயர்ந்து சின்னப் பிள்ளையின் குரலாகிவிடும். "சாப்பிட்டனியே ராசா? அங்க என்ன மீன் கிடைக்குது? தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போ" என்று கேட்டுக்கொண்டே வருவா. நடுவில் திரும்பி, "நிப்பாட்டாதை, சுத்து!" என்று மாமாவை ஏசுவா. இரவு வேலை முடிந்து வந்து, மற்றவர்கள் எழும்பாதபடி குளியலறைக்குள் வைத்துக் கேட்பேன். எத்தனை இரவு என்று கணக்கில்லை.

அதற்குப் பதில் பதிந்து அனுப்ப வேண்டும் என்று வெறும் கசெட் ஒன்று வாங்கி வைத்தேன். ஓவர்டைம், கடன், சீட்டுக்காசு என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. கோப்பை கழுவுகிறேன் என்று என் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? 1993இல் அப்பம்மா போய்விட்டா. கடிதம் என் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்திரட்டிகூட நெருங்கிவிட்டது. ஊருக்குப் போக வழியும் இல்லை, கையில் பாஸ்போர்ட்டும் இல்லை. அன்றும் வேலைக்குப் போனேன். இதை உன் அம்மாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

ஆகவே மகள், பழகிவிடும் என்று நான் சொன்னது சரியில்லை. குளிர் பழகியது, பஸ் பழகியது, ஆங்கிலம் பழகியது. அந்த வெறும் கசெட் மட்டும் 32 வருடமாக மேசை லாச்சிக்குள் அப்படியே கிடக்கிறது.

அப்பம்மாவின் கசெட்டைப் போன மாதம் ஒரு கடையில் கொடுத்து, போனில் கேட்கக்கூடியதாக மாற்றி எடுத்துவிட்டேன். வாட்ஸப்பில் அனுப்புகிறேன். ஹெட்போன் போட்டுக் கேள். பதினோராவது நிமிடத்தில் ஒரு சேவல் கூவும், அது எங்கள் வீட்டுச் சேவல்.

கேட்டுவிட்டு நீயும் ஒன்று பதிந்து அனுப்பு. நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என்ன சமைத்தாய், யாரோடு கதைத்தாய், ஏன் அன்றைக்குக் குரல் அடைத்திருந்தது, எல்லாவற்றையும் சொல். ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசு. உன் வீதியில் போகிற ட்ராம் சத்தமும் எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா