ரங்கூனில் குடித்தனம் வைத்த மகளுக்கு

பெகு

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ பேசுவது பாதி காதில் விழுவதில்லை. கரண்ட் போனால் டவரும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவரிடம் ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

இரண்டு பேர் சம்பாதித்தும் இருபதாம் தேதிக்கு மேல் கை வறண்டுவிடுகிறது என்றாய். நீ படம் பிடித்து அனுப்பிய கணக்கு நோட்டைப் பார்த்தேன். டீ, பஸ், தலைக்கு வைக்கிற பூ வரைக்கும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் வீட்டு வாடகை எங்கே என்று தேடினால் காணோம். கேட்டதற்கு, "அதான் மொத்தமாகக் கொடுத்தாச்சே அப்பா" என்கிறாய். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ரங்கூனில் ஆறு மாத வாடகையையோ ஒரு வருட வாடகையையோ முன்கூட்டியே கேட்பார்கள், தரகர் கூலி வேறு. இந்த முறை மொய்ப் பணம் இருந்தது, கொடுத்துவிட்டீர்கள். அடுத்த முறைக்கு மொய் வராது. நம் பர்மாவில் சம்பளம் மாதாமாதம் வருகிறது, செலவு மட்டும் மொத்தமாக வருகிறது. வாடகை, அரிசி மூட்டை, தீபாவளி, திடீரென்று ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. இதையெல்லாம் வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துச் சம்பளத் தேதியிலேயே தனியாக எடுத்து வைத்துவிடு. மிச்சம் இருப்பதுதான் உங்கள் சம்பளம். அது சின்னதாகத்தான் தெரியும். தெரியட்டும். அதற்குள் நடத்தப் பழகியபின் டீ, பூவையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் அரிசி மில்லில் கணக்கு எழுதியவன். சில்லறை எழுதி யாரும் பணக்காரன் ஆனதைப் பார்க்கவில்லை.

எடுத்து வைத்ததை எங்கே வைப்பது? அம்மா "தங்கம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். அவள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. உன் ஆயா கோழி விற்றுச் சேர்த்ததில் முக்கால்வாசி எழுபத்தைந்து கியாட் நோட்டுகள்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் 1985இலும், அதற்கெல்லாம் முன்னால் 1964இலும் பெரிய நோட்டுகள் செல்லாமல் போயிருக்கின்றன. பிறகு 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன. கணக்கு எழுதுகிறவனுக்கு அது என்ன பாடு என்று கேள்! ஒரு ஆளுக்கு நூறு கியாட் கூலி கொடுக்க வேண்டுமானால் கல்லாப்பெட்டியைக் கவிழ்த்துத் தேட வேண்டும். அதைப் பார்த்த தலைமுறைக்கு நோட்டின் மேல் நம்பிக்கை வராது. இப்போது நோட்டு செல்லும், ஆனால் அதற்கு வாங்குகிற பொருள் வருடத்துக்கு வருடம் குறைகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இருந்தாலும் எல்லாவற்றையும் தங்கமாக்காதே. அடுத்த ஆறேழு மாதத்தில் கொடுக்க வேண்டிய வாடகை பணமாகவே இருக்கட்டும். விற்கும்போது கடைக்காரர் கழிக்கிற கழிவும், அன்றைய விலை இறக்கமும் சேர்ந்தால் உனக்குத்தான் நஷ்டம். ஒரு வருடத்துக்கு மேல் தொடாத பணத்துக்குத்தான் தங்கம். தங்கத்துக்கான பர்மிய எடையில் ஒரு முழுக் கியாத்தாவாக வாங்க வேண்டும் என்று காத்திருக்காதே. அது நம் தமிழ்க் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேலேயே வரும், அதற்குள் விலை ஓடிவிடும். கியாத்தாவுக்குப் பதினாறு பே. ஒரு பே, இரண்டு பே என்று வாங்கு. வேலைப்பாடு இல்லாத வெறும் மோதிரம் போதும். கல் வைத்தது, பூ வைத்தது எல்லாம் விற்கப் போகும்போது கூலிக்கும் சேதாரத்துக்கும் பதில் சொல்லாது. ரசீதைத் தொலைக்காதே. வாங்கிய கடைக்கே ரசீதோடு போனால்தான் கழிவு குறையும்.

ஆபீஸில் சீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாயே, பர்மியப் பெண்கள் சேர்ந்து போடுவது. போடு. வாடகைத் தேதிக்கு முந்தின மாதம் உன் முறை வரும்படி கேட்டு வாங்கிக்கொள். ஆனால் பக்கத்து மேசைக்காரி வரைதான். அவளுடைய தங்கையின் சினேகிதி என்று ஆள் நீண்டால் வேண்டாம்.

சரி, அரிசிக்கு வருகிறேன். இது எனக்குத் தெரிந்த விஷயம், கொஞ்சம் நீளும்.

நீ தெருமுனைக் கடையில் பர்மியப் படியில் இரண்டு பியி, மூன்று பியி என்று வாங்குகிறாய். மூட்டைக்கு 24 பியி. பியிக்கு எட்டு பால்டின் டப்பா. ஆக மூட்டைக்கு 192 டப்பா. நீங்கள் இரண்டு பேர், நாளுக்கு இரண்டு டப்பா போட்டால் 96 நாள். மூன்று மாதம் தாண்டுகிறது. வருடத்துக்கு நாலே மூட்டை! இதை ஒவ்வொரு பியியாக வாங்கினால் விலையும் கூடுதல், அளவிலும் அடி. கடைக்காரர் தலைகட்டி அளக்கிறாரா, கோலால் வழித்துவிடுகிறாரா என்று நின்று பார். உன் அம்மா பார்ப்பாள், கடைக்காரருக்கே கை நடுங்கும்.

எந்த அரிசி? ரங்கூன்காரர்களுக்குப் பாவ்சான்தான் வேண்டும். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விலையும் அதற்கேற்றபடி. நமக்கு ரசமும் குழம்பும் ஊற்றிப் பிசைகிற சோறு. அந்த வாசனை புளியிலேயே போய்விடும். ஏமட்டா ரகத்தில் பழைய அரிசியாகக் கேட்டு வாங்கு. புது அரிசி குழையும், ஒட்டும், பானையில் கொஞ்சமாகவே தெரியும். ஆறு மாதம் இருந்த அரிசி அதே டப்பாவுக்கு நன்றாகப் பொங்கிக் கொடுக்கும். வியாபாரி பழசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காதே, இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போதும். காய்ந்த மிளகாய் நாலைந்து உள்ளே போட்டு வை, வண்டு வராது.

அடுத்து எண்ணெய். உன் வீட்டில் அது போகிற வேகத்தைப் பார்த்தால் இப்போது பர்மியச் சமையல்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். தப்பு ஒன்றுமில்லை, மாப்பிள்ளைக்கு அது பிடிக்கும். ஆனால் அவர்கள் கறியை எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை வதக்குவார்கள். அதைத் தினமும் செய்தால் கையில் காசு நிற்காது. வாரத்தில் இரண்டு நாள் அப்படிச் செய். மற்ற நாளில் பருப்பு, ரசம், புளிச்சக்கீரைக் கடையல். பர்மியர்கள் சின்பாவ் என்று அள்ளி அள்ளிச் சாப்பிடுகிற அதே கீரைதான், காலைச் சந்தையில் அதைவிட மலிவாக ஒன்று கிடைக்காது. வேகவைத்த வெண்டைக்காயும் பச்சை வெள்ளரியும் வைத்து ஙாப்பி மீன் விழுதைத் தொட்டுக்கொண்டால் அதுவும் ஒரு வேளைச் சாப்பாடு. கடலை எண்ணெய் வாங்கினால் தெரிந்த செக்கில் கொஞ்சமாக வாங்கு. மலிவாகக் கடலை எண்ணெய் என்று ஊற்றிக் கொடுப்பதில் பாமாயில் எவ்வளவு என்று விற்கிறவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அதற்குப் பாமாயில் என்றே வாங்கிவிடலாம், விலையாவது நேர்மையாக இருக்கும்.

காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கடையில் பரோட்டா வாங்குகிறாய் போலிருக்கிறது. விடிந்ததும் தெருவில் தலையில் தட்டு வைத்துக்கொண்டு அவித்த பட்டாணி விற்கிற அம்மா வருவாள், கூவுவது உனக்குக் கேட்கவில்லையா? இரவுச் சோற்றில் அதைப் போட்டு, உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுப் பிசைந்தால் மதியம் வரை பசிக்காது.

வெங்காயம், புளி, மிளகாய், உளுந்து இந்த நாலும் மாசி, பங்குனியில் வாங்குகிற சாமான். அப்போதுதான் புதுசு வரும், விலை இறங்கும். மழை பிடித்தபின் வெங்காயத்தைக் கேட்கவே முடியாது. உளுந்து நீ வாங்கவே வேண்டாம். இங்கே நெல் அறுத்த வயலிலேயே உளுந்துதான் விதைக்கிறார்கள், விளைவதில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. தமிழ்நாட்டில் உன் சித்தப்பா சாப்பிடுகிற இட்லியிலும் பெகு உளுந்து இருக்கலாம். பெகுக்காரர் மகள் அதை ரங்கூன் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டாக வாங்குவது எனக்கு மானக்கேடு! பத்து வீசை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன், மாமியாருக்கும் பாதி கொடு.

மசாலா சாமானுக்கு தெய்ங்கி சந்தைக்குப் போ. அனவ்ரதா தெருவில் காளியம்மன் கோயிலுக்குப் போகிற அன்றைக்கே அந்த வேலையையும் முடித்துக்கொள்ளலாம். மாலில் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் போய் நடந்துவிட்டு வாருங்கள், பையை மட்டும் கொண்டு போகாதீர்கள்.

கரண்ட் விஷயம் நீயே பார்த்துக்கொள்வாய். ஒன்று மட்டும். யூனிட் ஏற ஏற யூனிட்டுக்கு விலையும் ஏறுகிறது. கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. சோறு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ் இதற்குமேல் என்ன இருக்கிறது? இஸ்திரியைக் கொஞ்சம் யோசித்துப் போடு.

குறைக்கக் கூடாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை சாயங்காலம் டீக்கடையில் உட்காருவதை நீ கணக்கில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாய். அழித்துவிடு. ஒரு டீ வாங்கினால் ஒரு மணி நேரம் உட்காரலாம், மேசையில் இருக்கிற ஃப்ளாஸ்க் பச்சைத்தேநீருக்குக் காசு இல்லை. வேலை எங்கே காலி, வீடு எங்கே காலி என்று எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். அடுத்த வீட்டைத் தரகர் இல்லாமல் அவர் அங்கேயே பிடித்துவிட்டால், அதுவரை குடித்த டீக்கெல்லாம் வரவு வைத்துவிடலாம். நீயும் கூடப் போ, வீட்டில் தனியாக உட்கார்ந்து போனில் துணி பார்ப்பதைவிட அது மலிவு. மாதத்தில் ஒரு நாள் டம்பவுக் பிரியாணியும் சாப்பிடுங்கள்.

ஐப்பசியை மறந்துவிடாதே. பர்மியர்களின் ததிங்ஜுட் பௌர்ணமிக்கு வீட்டுக்காரர், ஆபீஸ் பெரியவர், மாப்பிள்ளையின் ஆசிரியர் என்று எல்லோரையும் வணங்கப் பழமும் பொருளுமாக எடுத்துப் போக வேண்டும். அது முடிந்த இரண்டு வாரத்தில் தீபாவளி. இரண்டும் சேர்ந்து வருவதால் அந்த மாதம் எந்த வீட்டிலும் கடன் வாங்குவார்கள், அடகுக் கடை வாசலில் கூட்டம் நிற்கும். நீ ஆனியிலேயே லுங்கி, பிஸ்கட் டின் என்று ஒன்றொன்றாக வாங்கி வைத்துவிடு. எங்களுக்குத் துணி எடுக்காதே, போன வருடத்ததே மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் ஒரு செருப்பு, அவள் கேட்கமாட்டாள்.

இப்போதைக்கு எனக்கு இரண்டு விஷயம் எழுது. அடுத்த வாடகை எந்தத் தேதி, வீட்டுக்காரர் எத்தனை மாதத்துக்குச் சேர்த்துக் கேட்கிறார். மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நானே போட்டு அனுப்புகிறேன். துண்டு விழுந்தால் எவ்வளவு என்று சொல், யாரிடமும் வட்டிக்குக் கேட்டு நிற்காதே.

அப்பா

பி.கு. அம்மா சொல்கிறாள்: ஏமட்டா இட்லிக்குச் சரி, ஆனால் மாமியார் வரும் அன்று பாவ்சான் போடு, அப்பா பேச்சைக் கேட்காதே.